புராஸ்டேட் மாத்திரைகள்: தளர்த்துவது ஒன்று, சுருக்குவது வேறொன்று

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க்குழாயின் தொடக்கப் பகுதியை வளையம்போலச் சுற்றி அமைந்திருக்கிறது. இளம் வயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயதாக ஆகப் பல உறுப்புகள் தேய்ந்துகொண்டுபோக, இந்தச் சுரப்பி மட்டும் நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடியும் வளரத் தொடங்குகிறது. 50 முதல் 60 வயதுக்குள் இருக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேரிடமும், 80 வயதைக் கடந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்த வளர்ச்சி தெரியும். வளர்ச்சி இருக்கும் எல்லாருக்கும் தொல்லை இருப்பதில்லை. தொல்லை இருக்கும் எல்லாருக்கும் சுரப்பி பெரிதாக இருப்பதும் இல்லை. 30 கிராம் சுரப்பி ஒருவரை இரவெல்லாம் கழிவறைக்கு நடக்க வைக்கும். 80 கிராம் சுரப்பியோடு இன்னொருவர் விடியும்வரை உறங்குவார். எந்த மருந்து, யாருக்கு, எப்போது என்ற கேள்விகள் எல்லாம் இந்த முரணிலிருந்தே பிறக்கின்றன.

பேச்சு வழக்கில் இதற்குப் 'புராஸ்டேட் வீக்கம்' என்று பெயர். வசதியான சொல்தான், ஆனாலும் அது பலரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. வீக்கம் என்றால் வடிந்துவிடும், நாலு நாள் ஆன்டிபயாடிக்கோ வலி மாத்திரையோ போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே நடப்பது வீக்கம் அல்ல, திசுப் பெருக்கம். செல்களும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் தசையும் எண்ணிக்கையில் கூடுகின்றன. கிருமித் தொற்றால் வரும் புராஸ்டேட் அழற்சி வேறு நோய். அதற்குக் காய்ச்சலும் வலியும் உண்டு. புற்றுநோயும் வேறு. பெருக்கம் சிறுநீர்க்குழாயை ஒட்டிய உள் மண்டலத்தில் தோன்றும். புற்றுநோய் பெரும்பாலும் வெளி மண்டலத்தில் தோன்றும். பெருக்கம் முற்றிப் புற்றாக மாறுவதில்லை. ஆனால், ஒரே மனிதரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அடைப்பு இரண்டு வகையில் உண்டாகிறது. ஒன்று, பருமன்: வளர்ந்த திசு குழாயைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. மற்றொன்று, இறுக்கம்: சுரப்பிக்குள்ளும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இருக்கும் மெல்லிய தசை நார்கள், நரம்பின் கட்டளைக்கு ஏற்பச் சுருங்கிக் குழாயை இறுக்குகின்றன. பருமன் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கூடும். இறுக்கமோ வேளைக்கு வேளை மாறும். குளிரும் மனப்பதற்றமும் அதைக் கூட்டும். சில மருந்துகளும் கூட்டும். நேற்று நன்றாகப் போன சிறுநீர் இன்று சொட்டுச் சொட்டாக வருவதற்கு இதுவே காரணம். இரண்டு காரணங்களுக்கும் இரண்டு தனித்தனி மருந்து வகைகள் இருக்கின்றன. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. மருந்துக்கடையில் 'புராஸ்டேட் மாத்திரை' என்று கேட்டு வாங்குபவர்களில் பலருக்குத் தங்கள் கையில் இருப்பது இவற்றில் எது என்பதே தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய இழப்பு.

மருந்துக்கு முன்னால் அளவெடுக்க வேண்டும். உலகெங்கும் பயன்படும் ஒரு வினாத்தாள் இருக்கிறது. முழுதும் கழிக்காத உணர்வு, அடிக்கடி போதல், விட்டுவிட்டு வருதல், அடக்க முடியாமை, வேகக் குறைவு, முக்கிப் போதல், இரவில் எழுதல் என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 7 வரை இருந்தால் லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. கடைசியில் ஒரு தனிக் கேள்வி: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் எப்படி இருக்கும்? சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், தேவைப்படுவோருக்குப் புராஸ்டேட் புற்றுக்குத் துப்புத் தரும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை, ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்த்தல், ஸ்கேனில் சுரப்பியின் அளவு, சிறுநீர் கழித்த பிறகும் பையில் தங்கும் மிச்சம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் பார்க்காமல் கைக்கு வரும் மாத்திரை குருட்டாம்போக்கில் கொடுக்கப்படுவதே.

எந்த இயந்திரமும் தராத தகவலை ஒரு பிளாஸ்டிக் குவளை தரும். அளவுக்கோடு போட்ட குவளை ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா. மூன்று நாள், ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எவ்வளவு மில்லி என்று எழுத வேண்டும். இரவில் நான்கு முறை எழும் ஒருவரின் நோட்டில், ஒரு நாளின் மொத்தச் சிறுநீர் 1,800 மில்லி, அதில் படுத்தது முதல் விடியல் வரை போனது மட்டும் 900 மில்லி என்று இருந்தால், அவரை எழுப்புவது புராஸ்டேட் அல்ல. முதியவர்களிடம் இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினாலே, சிறுநீரகம் இரவில் அதிகமாக நீரை வெளியேற்றுகிறது என்று பொருள். மாலையில் கால் வீங்குபவர் படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கக் கோளாறிலும், கட்டுப்படாத சர்க்கரையிலும் இரவில் சிறுநீர் பெருகும். இவர்களுக்குப் புராஸ்டேட் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் எழுவது நிற்காது. அதற்கு மாறாக ஒவ்வொரு முறையும் நூறு மில்லி, எண்பது மில்லி என்று சிறிது சிறிதாகப் போகிறவர் என்றால், சிறுநீர்ப்பையையும் சுரப்பியையும் சந்தேகிக்கலாம்.

தொல்லை லேசாக இருந்தால் மாத்திரையே தேவையில்லை. மாலைக்குப் பின் தண்ணீரைக் குறைப்பது, இரவு காபி, தேநீர், மதுவை விடுவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, ஒருமுறை கழித்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வது, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது போதும். இதுவும் சிகிச்சைதான். ஒன்றும் எழுதித் தராத மருத்துவரைக் குறைவாக மதிக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், பலருக்கு இந்தக் கட்டத்திலேயே மாத்திரை தொடங்கிவிடுகிறது.

நடுத்தரத் தொல்லைக்கு முதலில் கொடுக்கப்படுபவை தசையைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பான்கள். 1970களில் ஜெருசலேமில் சிறுநீரியல் மருத்துவர் மார்கோ கெய்ன், புராஸ்டேட்டின் தசையில் ஆல்ஃபா ஏற்பிகள் இருப்பதைக் காட்டி, ஃபீனாக்ஸிபென்சமின் என்ற பழைய மருந்தைக் கொண்டு அவற்றைத் தடுத்தால் சிறுநீர் தடையின்றி வருகிறது என்று நிறுவினார். அதுவரை கத்தி ஒன்றே வழியாக இருந்த நோய்க்கு மாத்திரை என்ற வழி அங்கேதான் திறந்தது. அந்த மருந்து உடலெங்கும் உள்ள ரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தளர்த்தியதால் பக்கவிளைவு அதிகம். பிறகு டெராசோசின், டாக்சாசோசின், அல்ஃபுசோசின் வந்தன. ஜப்பானில் உருவான டாம்சுலோசினும் சிலோடோசினும் புராஸ்டேட்டில் மிகுந்திருக்கும் ஆல்ஃபா 1ஏ என்ற துணை வகையைக் குறிவைப்பவை. அமெரிக்காவில் டாம்சுலோசினுக்கு 1997லும் சிலோடோசினுக்கு 2008லும் அனுமதி கிடைத்தது.

இவ்வகை மருந்தின் பெரிய பலம் வேகம். முதல் சில நாள்களிலேயே மாற்றம் தெரியும். சில வாரங்களில் முழுப் பலன் கிடைக்கும். அறிகுறி மதிப்பெண் சராசரியாக 4 முதல் 6 புள்ளிகள் குறையும். திறனில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது, வேறுபாடெல்லாம் பக்கவிளைவில்தான். இவை சுரப்பியைச் சிறிதும் சுருக்குவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் திசு தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில நாள்களில் பழைய நிலை திரும்பிவிடும்.

பக்கவிளைவில் முதலாவது, எழும்போது ரத்த அழுத்தம் சரிவது. டெராசோசின், டாக்சாசோசினில் இது அதிகம். ஆகவே அவற்றைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். டாம்சுலோசினிலும் இது முற்றிலும் இல்லாமல் போகவில்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் நள்ளிரவு இரண்டு மணிக்கு அவசரமாக எழுகிறார். விளக்கைப் போடாமல் நடக்கிறார். காலில் ரத்தம் தங்கித் தலைக்கு ஏறுவதற்குள் கண் இருட்டுகிறது. ஈரமான கழிவறைத் தரை, பிடிக்க எதுவும் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து அவர் மருத்துவமனைக்குப் போகும்போது, மாத்திரையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது, கழிவறை வழியில் இரவு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி ஆகியவை மருந்துச் சீட்டின் ஒரு பகுதியாக எழுதப்பட வேண்டியவை. உணவோடு உள்ள தொடர்பும் இதனால்தான்: டாம்சுலோசினை நாள்தோறும் ஒரே வேளை உணவுக்கு அரைமணி நேரம் கழித்தும், அல்ஃபுசோசினையும் சிலோடோசினையும் உணவோடோ உணவு முடிந்த உடனேயோ எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் டாம்சுலோசின் ரத்தத்தில் வேகமாக ஏறித் தலைசுற்றலைக் கூட்டும்.

ரத்த அழுத்தமும் இருக்கிறது, புராஸ்டேட்டும் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து டாக்சாசோசின் ஒன்று போதும் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். உயர் ரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்ட ஆல்ஹாட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், டாக்சாசோசின் எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு அதிகமாகத் தெரிந்ததால் 2000ஆம் ஆண்டு அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்துக்கு அதற்குரிய மருந்து, புராஸ்டேட்டுக்கு அதற்குரிய மருந்து என்று பிரித்துக் கொடுப்பதே இன்றைய முறை.

அடுத்தது, விந்து வெளிவராமை. சிலோடோசினில் நான்கில் ஒருவருக்கு மேல் இது நேர்கிறது. டாம்சுலோசினில் அதைவிடக் குறைவு, அல்ஃபுசோசினில் மிகக் குறைவு. உணர்வு இருக்கும், திரவம் வராது. உடலுக்குத் தீங்கில்லை, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால், முன்கூட்டியே ஒரு வரி சொல்லப்படாததால் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தமக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அஞ்சி, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகிறார். அந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

மூன்றாவது, கண். டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற இரு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் 2005இல் ஒன்றைப் பதிவு செய்தார்கள். டாம்சுலோசின் எடுப்பவர்களுக்குக் கண்புரை அறுவை செய்யும்போது, கருவிழியின் உள்ளே இருக்கும் கதிராளி என்ற வண்ணத்திரை தளர்ந்துபோய், கண்ணுக்குள் செலுத்தும் நீரோட்டத்தில் நனைந்த துணிபோல அலைகிறது. பாவை நடுவில் சுருங்கிவிடுகிறது. காரணம், பாவையை விரிக்கும் கதிராளித் தசையிலும் அதே ஆல்ஃபா 1ஏ ஏற்பிகளே இருக்கின்றன. அறுவைக்குச் சில நாள் முன்பு மாத்திரையை நிறுத்துவது நம்பகமான தடுப்பாக அமையவில்லை. முன்பு எடுத்து எப்போதோ நிறுத்தியவர்களிடமும் இது நேர்ந்திருக்கிறது. மருத்துவருக்கு முன்பே தெரிந்தால் உரிய மருந்தும் சிறு கொக்கிகளும் வைத்துக்கொண்டு பத்திரமாக அறுவையை முடித்துவிடுவார். ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடக்கும் தமிழ்நாட்டில் இந்தத் தகவல் மிகத் தேவை. முகாமில் 'சர்க்கரை, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்றால் பெரியவர் பதில் சொல்வார். சிறுநீருக்குச் சாப்பிடும் மாத்திரையைக் கண்ணோடு சேர்த்து நினைக்க அவருக்குக் காரணமே இல்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டியது முகாமின் பொறுப்பு. கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பவருக்கு, அது முடிந்த பிறகே ஆல்ஃபா தடுப்பானைத் தொடங்குவது நல்லது.

இன்னொரு மோதல் தோல் நோய் மருந்தோடு. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் வாரக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. சிலோடோசினையும் அல்ஃபுசோசினையும் உடைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும்; அவற்றின் அளவு ரத்தத்தில் பல மடங்கு கூடும். இந்தச் சேர்க்கை கூடாது. தோல் மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்ப்பதில்லை. பார்க்கக்கூடியவர் மருந்தாளுநர் ஒருவர்தான்.

சுரப்பியைச் சுருக்கும் இரண்டாவது வகையின் கதை இன்னும் பழையது. விரைகளை அகற்றினால் புராஸ்டேட் சுருங்கும் என்பதை 1890களில் பிலடெல்பியாவின் அறுவை மருத்துவர் வில்லியம் ஒயிட் தொகுத்து வெளியிட்டார். ஆண் ஹார்மோன் இல்லாமல் இந்தச் சுரப்பி வளராது என்று அதில் தெரிந்தது. ஆனால் அது எவரும் விரும்பிக் கொடுக்கக்கூடிய விலை அல்ல. விடை, டொமினிக்கன் குடியரசின் சாலினாஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே சில குழந்தைகள் பிறப்பில் பெண்ணைப் போலத் தோன்றிப் பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லியும் உடன் பணியாற்றியவர்களும் 1974இல் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் புராஸ்டேட் மட்டும் மிகச் சிறியதாகவே நின்றுவிட்டது. டெஸ்டோஸ்டிரோனைத் தொடாமல் அந்த நொதியை மட்டும் தடுத்தால் போதும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். அப்படி மெர்க் நிறுவனம் உருவாக்கிய ஃபினாஸ்டெரைடு 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் அளவு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். நொதியின் இரண்டு வகைகளையும் தடுக்கும் டூட்டாஸ்டெரைடு, 0.5 மில்லிகிராம் அளவில், 2001இல் அனுமதி பெற்றது.

இவை பொறுமையைக் கேட்கும் மருந்துகள். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் சுரப்பி சுமார் கால் பங்கு சுருங்கும். அதற்கு முன்பே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்துபவர்கள் ஏராளம். எல்லாருக்கும் இது பயன்படாது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 1996இல் வெளியான ஓராண்டு ஆய்வில், டெராசோசின் நன்றாக வேலை செய்ய, ஃபினாஸ்டெரைடு வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. சுரப்பியின் அளவு பாராமல் ஆள் சேர்த்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் புரிந்தது. 30, 40 கிராமுக்கு மேற்பட்ட சுரப்பிக்குத்தான் இது உரிய மருந்து. அங்கே அது செய்யும் வேலையை வேறெந்த மாத்திரையும் செய்வதில்லை. 1998இல் வெளியான, 3,040 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், திடீர்ச் சிறுநீர் அடைப்பு வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கும், ஃபினாஸ்டெரைடு எடுத்தவர்களில் 3 பேருக்கும் வந்தது. அறுவை தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 10இலிருந்து 5ஆகக் குறைந்தார்கள். சுரப்பியிலிருந்து வரும் ரத்தக் கசிவையும் இது கட்டுப்படுத்தும்.

இந்த மருந்தை எழுதும்போதே பிஎஸ்ஏ பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டில் ரத்தத்தில் பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே பரிசோதனைத் தாளில் 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். மருந்து எடுப்பது தெரியாத இன்னொரு மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தால், வழக்கமான எல்லையான 4க்குக் கீழே இருக்கிறது, கவலையில்லை என்று அனுப்பிவிடுவார். உள்ளே வளரும் புற்று மேலும் ஓராண்டு மறைந்திருக்கும். மருந்தில் இருக்கும்போது பிஎஸ்ஏ எட்டிய அடிமட்டத்திலிருந்து ஏறத் தொடங்கினால், எண் சிறியதாக இருந்தாலும் அது எச்சரிக்கை. தலைமுடிக்காக 1 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். மருந்து தொடங்குமுன் ஒரு பிஎஸ்ஏ எடுத்துத் தாளைப் பத்திரப்படுத்துவது நல்லது.

சிலருக்குப் பாலுறவு விருப்பமும் விறைப்பும் குறையும். சிலருக்கு மார்பு பெருத்து வலிக்கும். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகும் என்றாலும், நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பேச்சைத் தள்ளிவிடக் கூடாது. கருவுற்ற பெண்கள் உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையையோ கசியும் டூட்டாஸ்டெரைடு கேப்ஸ்யூலையோ தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படும். மாமனாரின் மாத்திரையை மருமகள் எடுத்துத் தரும் வீடுகளில் இது நினைவில் இருக்க வேண்டும். டூட்டாஸ்டெரைடு உடலில் நெடுநாள் தங்குவதால், நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை ரத்ததானம் செய்யக் கூடாது.

புற்றுநோய் பற்றிய ஐயம் ஒன்றும் உண்டு. 18,882 ஆண்களைக் கொண்டு 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஃபினாஸ்டெரைடு எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்று மொத்தத்தில் சுமார் கால் பங்கு குறைவாக இருந்தது. தீவிர வகை மட்டும் சற்று அதிகமாகக் காணப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. அதே ஆண்களை நீண்ட காலம் தொடர்ந்தபோது, இரு பிரிவினரின் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை.

இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால்? 3,047 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. நோய் முற்றும் வாய்ப்பை டாக்சாசோசின் 39 சதவீதமும், ஃபினாஸ்டெரைடு 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. டாம்சுலோசினோடு டூட்டாஸ்டெரைடைச் சேர்த்து, 4,844 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்த மற்றோர் ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அந்த இரண்டாவது ஆய்வில் சேர்க்கப்பட்ட எல்லாருக்கும் சுரப்பி 30 கிராமுக்கு மேல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இரண்டும் சேர்ந்த ஒற்றை மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது. நாளுக்கு ஒன்று, மறக்காது என்ற வசதி உண்மை. ஆனால் அந்த வசதியே, 25 கிராம் சுரப்பி உள்ளவருக்கும் முதல் நாளிலேயே அதை எழுத வைக்கிறது. அவருக்கு இரண்டாவது மருந்தால் பயன் சிறிது. பக்கவிளைவோ இரண்டு மருந்தினுடையதும். பெரிய சுரப்பி உள்ளவருக்குச் சேர்த்துத் தொடங்கி, சுரப்பி சுருங்கிய பிறகு தொல்லை மிதமாக இருந்தவருக்குத் தளர்த்தும் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். பலர் அதன் பிறகும் நன்றாகவே இருக்கிறார்கள். ஒட்டிவைத்த மாத்திரையில் அந்த வாய்ப்பை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விறைப்புக் குறைவும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்திருப்பவர்களுக்கு டடாலாஃபில் 5 மில்லிகிராம், நாள்தோறும் ஒன்று. 2011இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அறிகுறிகளைக் குறைக்கும், சிறுநீரின் வேகத்தை அவ்வளவாகக் கூட்டாது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர்கள், நைட்ரேட் மருந்து எதையும் எடுப்பவர்கள், இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழுந்துவிடும். இதய நோயை மருத்துவரிடம் சொல்பவர்கள் இந்த மாத்திரையைச் சொல்லத் தயங்குகிறார்கள். நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போகும் நாளில் அந்தத் தயக்கம் உயிரைப் பறிக்கலாம்.

வருவதை அடக்க முடியாத அவசரம் மேலோங்கி நிற்பவர்களுக்குக் கோளாறு சிறுநீர்ப்பையிலும் இருக்கிறது. நெடுநாள் அடைப்பை எதிர்த்துத் தள்ளி அதன் தசை முரடாகிச் சிறிது நிரம்பினாலே துடிக்கிறது. ஆல்ஃபா தடுப்பானோடு சாலிஃபெனசின், டால்டெரோடின் போன்றவற்றைச் சேர்க்கலாம். வாய் உலரும், மலம் கட்டும். முதியவர்களுக்கு நினைவு குழம்பலாம். கழித்த பின் மிச்சம் 150 மில்லிக்கு மேல் இருப்பவர்களுக்கு இவற்றைக் கொடுக்கத் தயங்க வேண்டும். மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துவதால் வாயுலர்வும் குழப்பமும் குறைவு. கட்டுப்படாத உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. இரவில் சிறுநீர் பெருகுவதே காரணம் என்று குவளைக் கணக்கு காட்டியவர்களுக்கு டெஸ்மோபிரசின் உண்டு. அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொடங்கிய சில நாள்களிலேயே சோடியம் பார்க்க வேண்டும். நீர்பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்டு அதைப் பகல் வேளைக்கு மாற்றினாலே இரவு எழுவது குறையலாம்.

சர்க்கரை நோய் பரவலாக உள்ள நம் மக்களிடம் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. சர்க்கரை கூடினால் சிறுநீர் கூடும். நெடுநாள் சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்பு மழுங்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மருந்துகள் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. போகும் தடவையையும் கூட்டும். புதிதாக அந்த மருந்தைத் தொடங்கியவர் ஒரே வாரத்தில் 'புராஸ்டேட் அதிகமாகிவிட்டது' என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பழைய சீட்டை.

சீட்டே இல்லாமல் வாங்கும் சளி மாத்திரை இன்னும் ஆபத்தானது. பல சளி மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் என்ற இரண்டும் சேர்ந்திருக்கும். மூக்கடைப்பைத் திறக்கும் முதல் மருந்து, ஆல்ஃபா ஏற்பியைத் தூண்டிச் சுரப்பியின் தசையை இறுக்கும். தும்மலை நிறுத்தும் இரண்டாவது, சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். வாசலும் இறுகி, தள்ளும் கையும் தளர்கிறது. மழைக்கால இரவில் இரண்டு வேளை மாத்திரை போட்டுப் படுத்தவர், விடியற்காலையில் ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு கல்லாகி அவசரப் பிரிவுக்கு வருவது மருத்துவமனைகளுக்குப் பழகிய காட்சி. அங்கே குழாய் போட்டு நீரை எடுத்து, ஆல்ஃபா தடுப்பானைத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரையோடு குழாயை எடுத்தால் தானாகச் சிறுநீர் போகும் வாய்ப்பு கூடுகிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இதே ஆபத்தை உடையது.

மூலிகைகளில் மேல்நாடுகளில் பெயர்பெற்றது சா பால்மெட்டோ என்ற பனை வகையின் பழச்சாறு. 2006இல் 225 பேரிடமும், 2011இல் வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு வரை கொடுத்து 369 பேரிடமும் நடத்தி வெளியிட்ட அமெரிக்க ஆய்வுகளில், அது வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. நம் ஊரில் நெருஞ்சிலும் நீர்முள்ளியும் நீர் பெருக்கிகளாக வழங்கிவருகின்றன. நீர் போதாமல் சிறுநீர் குறைவது வேறு, வாசல் அடைபட்டுக் குறைவது வேறு. அடைப்பு இருப்பவருக்குச் சிறுநீரைப் பெருக்குவது, பையின் மேல் சுமையைக் கூட்டுவதாகும். எதைக் குடித்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை நோயாளிக்குச் சாதகமான காலம் இது. டாம்சுலோசின், ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு எல்லாம் காப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டன. பொதுப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழைய சீட்டை நீட்டி ஐந்தாறு ஆண்டுகள் அதே மாத்திரையை வாங்கும் பழக்கம்தான் இன்று கவலைக்குரியது. தொல்லை குறைந்துவிட்டதால் பையில் தங்கும் மிச்சம் மெல்ல ஏறுவதோ, சிறுநீரகம் விரிவதோ வெளியே தெரிவதில்லை. தளர்த்தும் மருந்து தொடங்கினால் ஒரு மாதத்திலும், சுருக்கும் மருந்து தொடங்கினால் ஆறு மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் மதிப்பெண், மிச்ச அளவு, கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்து, தேவைப்படுவோருக்குத் திருத்திப் படித்த பிஎஸ்ஏவும் பார்த்த பிறகே சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

மாத்திரையின் எல்லை முடியும் இடங்களும் தெளிவானவை. குழாயை எடுத்தும் எடுத்தும் சிறுநீர் போகாதவர், பையில் கல் சேர்ந்தவர், திரும்பத் திரும்பத் தொற்று வருபவர், மருந்துக்கு நிற்காத ரத்தக் கசிவு உள்ளவர், அடைப்பால் சிறுநீரகம் கெடத் தொடங்கியவர் ஆகியோர் அறுவைக்கு உரியவர்கள். இவர்களிடம் இன்னும் ஒரு மாத்திரையைச் சேர்த்துப் பார்ப்பது சிறுநீரகத்தை இழக்கும் வழி. குழாய் வழியே கருவியைச் செலுத்தித் திசுவைச் சுரண்டி எடுக்கும் அறுவையும், லேசர் கொண்டு செய்யும் அறுவையும் இன்று வழக்கத்தில் உள்ளன. அதன் பிறகு பெரும்பாலோருக்கு இந்த மாத்திரைகள் தேவைப்படுவதில்லை. எடுக்கப்படுவது உள் மண்டலம் மட்டுமே. புற்று தோன்றக்கூடிய வெளி மண்டலம் உடலிலேயே இருப்பதால், அறுவை முடிந்தவர்களுக்கும் மருத்துவர் சொல்லும் வயதுவரை பிஎஸ்ஏ பரிசோதனை தொடரும்.